ஸ்விட்சுக்குச் சிப் போடலாமா?

உங்கள் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நின்டெண்டோ ஸ்விட்ச் உங்களிடம் இருக்கிறது. மொபைல் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் "சின்னதா ஒரு சிப் போட்டா போதும் சார், அப்புறம் எல்லா கேமும் ஃப்ரீ" என்கிறார். அந்தச் சிப் உள்ளே என்ன செய்யும், மெஷின் கெட்டுப்போகுமா, பிடிக்காவிட்டால் கழற்றிப் பழையபடி ஆக்கலாமா, சட்டப்படி தப்பா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: அவர் கையில் மெஷினைக் கொடுக்கலாமா, வேண்டாமா. இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தேவையான ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள். உங்களுடையது எந்த ஸ்விட்ச்? 2017, 2018இல் வந்ததா, 2019க்குப் பிறகு வந்ததா, லைட்டா, ஓஎல்ஈடியா? இதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. கடைக்காரர் அதைக் கேட்காமலேயே விலை சொல்லியிருந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

நான் போர்டு லெவல் ரிப்பேர் செய்கிறவன். போனும் லேப்டாப்பும்தான் அன்றாட வேலை, கேம் மெஷின்கள் இடையிடையே வரும். அப்படி வருபவற்றில் சிப் போடப் போய்ப் பாழானவை நிறைய. இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒழுங்காகப் போடப்பட்டு நன்றாக ஓடும் மெஷினை யாரும் என்னிடம் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். அதனால் என் பார்வை கொஞ்சம் கெட்ட பக்கமே சாய்ந்திருக்கும், அதற்குத் தகுந்தபடி கழித்துப் படியுங்கள். சட்டம் பற்றிச் சொல்லும்போது நான் வக்கீல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் மாடல் கதை. ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது. உள்ளே இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 என்ற பிராசசர் சிப். இந்தச் சிப்புக்குள்ளேயே, தொழிற்சாலையில் பதித்துவிட்ட, பிறகு யாராலும் மாற்ற முடியாத ஒரு சிறு நிரல் இருக்கிறது. அதற்குப் பெயர் பூட் ரோம். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது அதுதான். அடுத்து ஓட வேண்டிய நிரலில் உண்மையான கையெழுத்து இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் மட்டும் வழிவிடும். இந்தப் பூட் ரோமின் யூஎஸ்பி மீட்புப் பகுதியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. யூஎஸ்பி வழியாகக் கேட்கப்படும் தரவின் நீளத்தை அது சரியாகச் சரிபார்க்கவில்லை, அளவுக்கு மீறிக் கேட்டால் தன் சொந்த நினைவகத்தின் மேலேயே எழுதிக்கொண்டது. 2018 ஏப்ரலில் கேத்தரின் டெம்கின் இதை ஃப்யூசே ஜெலே என்ற பெயரில் வெளியிட்டார். ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழுவும் அதே ஓட்டையைத் தனியாகக் கண்டுபிடித்து அதே நாட்களில் வெளியிட்டது. அதற்குள் ஒன்றரைக் கோடி ஸ்விட்சுகள் விற்றாகிவிட்டன. பூட் ரோமை அப்டேட் அனுப்பித் திருத்த முடியாது என்பதால், அந்த மெஷின்கள் எல்லாமே இன்று வரை திறந்த வீடுதான்.

உங்களுடையது அந்தக் காலத்து மெஷின் என்றால் சிப்பே வேண்டாம். வலது ஜாய்கான் (பக்கத்தில் கழற்றி மாட்டும் கன்ட்ரோலர்) சொருகும் தண்டவாளத்தில் ஜிக் என்ற குட்டி பிளாஸ்டிக் துண்டைச் சொருகி, ஒரு யூஎஸ்பி கேபிள் கொடுத்தால் போதும். மூடியைக் கழற்றக்கூட வேண்டாம். அப்படிப்பட்ட மெஷினுக்கும் "சிப் போடணும்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது. 2018 நடுவிலிருந்து நின்டெண்டோ தொழிற்சாலையிலேயே இந்த ஓட்டையை அடைத்து அனுப்ப ஆரம்பித்தது. 2019 ஆகஸ்டு வாக்கில் பிராசசர் சிப்பையே மாற்றிவிட்டார்கள். பேட்டரி நேரம் இரண்டரையிலிருந்து ஆறரை மணி வரை என்று இருந்தது, நாலரையிலிருந்து ஒன்பது மணி வரை என்று கூடியது அந்த மாற்றத்தால்தான். இந்த இரண்டாம் சிப்பை இந்த வட்டாரத்தில் மரிக்கோ என்பார்கள். 2019 செப்டம்பரில் வந்த ஸ்விட்ச் லைட்டிலும் 2021 அக்டோபரில் வந்த ஓஎல்ஈடியிலும் இருப்பது இதுதான். இவற்றில் யூஎஸ்பி வழி மூடிவிட்டது. சிப் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வந்தது.

கையடக்க மெஷின்களுக்குள் சிப் வைத்துச் சால்டர் செய்யும் பழக்கம் ஒப்பீட்டளவில் புதிது. மாட் சிப் என்ற சொல் 1990களில் முதல் பிளேஸ்டேஷனோடு பிரபலமானது. அது டிவியில் மாட்டும் மெஷின். அசல் டிஸ்கில் மட்டும் இருக்கும் நான்கெழுத்து அடையாளத்தைப் படித்ததுபோல நடித்து மெஷினை ஏமாற்றுவதுதான் அந்தச் சிப்பின் வேலை. கையடக்க மெஷின்களில் பெரும்பாலும் விளையாட்டு டிஸ்கில் வரவில்லை, கார்ட்ரிஜில் வந்தது. கார்ட்ரிஜ் என்பதே ஒரு சர்க்யூட் போர்டு. அதனால் ஏமாற்ற வேண்டியதை எல்லாம் கார்ட்ரிஜுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள், மெஷினைத் தொடவே இல்லை. 1989இல் வந்த கேம் பாயின் பூட் ரோம் மொத்தமே 256 பைட். கார்ட்ரிஜில் நின்டெண்டோ லோகோவின் 48 பைட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். நின்டெண்டோவின் டிஎஸ்ஸுக்கு ஆர்4 என்ற கார்டு வந்தது, நம் ஊர்க் கடைகளில்கூடப் பார்த்திருப்பீர்கள். சோனியின் கையடக்க மெஷினான பிஎஸ்பியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் பேட்டரிக்குள் ஒரு சீரியல் எண் இருக்கும். அந்த எண்ணை எல்லாமே எஃப் ஆகும்படி மாற்றிவிட்டால், பிஎஸ்பி தன்னைச் சர்வீஸ் சென்டரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மெமரி ஸ்டிக்கிலிருந்து பூட் ஆகும். பண்டோரா பேட்டரி என்று பெயர். பேட்டரியையே சாவியாக்கிய அந்த மூளையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவற்றுக்குப் பின் வந்த நின்டெண்டோ 3டிஎஸ்ஸும் சோனி வீட்டாவும் பெரும்பாலும் மென்பொருள் வழியாகவே திறந்துவிட்டன. ஆக மொத்தம், வழியெல்லாம் அடைத்த பிறகு மெஷினின் வயிற்றைக் கிழித்தே ஆக வேண்டும் என்ற நிலை பெரிய அளவில் வந்தது மரிக்கோ ஸ்விட்சில்தான்.

சரி, அந்தச் சிப் செய்வது என்ன? கடைக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் விளையாட்டெல்லாம் சிப்புக்குள் இருப்பதாகத் தோன்றும். சிப்பில் விளையாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மெஷின் ஆன் ஆகும் முதல் சில நொடிகளுக்குள் அதன் வேலை முடிந்துவிடும், அதற்குப் பிறகு அது தூங்கப் போய்விடும். செய்வது இவ்வளவுதான்: மெஷினின் உள் சேமிப்பான இ-எம்எம்சியின் பூட் பகுதியில் தன் சொந்தக் குட்டி நிரல் ஒன்றை எழுதிவைக்கும். பூட் ரோம் அதை எடுத்துக் கையெழுத்தைச் சோதிக்கும் அந்தச் சரியான கணத்தில், சிப் மாஸ்ஃபெட் என்ற ஒரு மின் சுவிட்ச் வழியாக பிராசசரின் மின்னழுத்தத்தைத் தரைக்கு இழுத்து உடனே விட்டுவிடும். ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரம். அந்த நேரத்தில் பிராசசர் தடுமாறி ஒரு கட்டளையைத் தவறவிடும். வாசல் காவலாளி தும்முகிற நொடி பார்த்து உள்ளே நுழைவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துச் சோதனை தோற்றது என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது சும்மா அடுத்த வரிக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் கிளிட்ச் என்பார்கள், வோல்டேஜ் கிளிட்ச். ஒவ்வொரு மெஷினுக்கும் சரியான கணம் கொஞ்சம் மாறும் என்பதால், புதிதாகப் போட்ட சிப் முதல் தடவை பல முறை முயன்று பார்த்து, பலித்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த தடவைகளில் சீக்கிரம் முடித்துவிடும்.

சிப்பிலிருந்து அவ்வளவு ஒயர்கள் ஏன் ஓடுகின்றன என்பதும் இதிலிருந்தே புரியும். பவர், தரை, ரீசெட் போக, இ-எம்எம்சியின் கட்டளைக் கம்பி, கடிகாரக் கம்பி, முதல் தரவுக் கம்பி (டேட்டா ஜீரோ) ஆகிய மூன்றும் வேண்டும். பூட் ரோம் எப்போது எதைப் படிக்கிறது என்று ஒட்டுக்கேட்டால்தானே கணத்தைச் சரியாகப் பிடிக்க முடியும். பிராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தை இழுப்பதற்குத் தனியாக ஒரு ஃப்ளெக்ஸ் கேபிள். உள்ளே நுழைந்த பிறகு நடப்பதெல்லாம் எஸ்டி கார்டில் இருக்கும் மென்பொருளின் வேலை. ஹெக்காட்டே என்ற லோடர், அட்மாஸ்ஃபியர் என்ற திறந்த மூல அமைப்பு, இவைதான் பரவலாகப் பயன்படுகின்றன. ஆகவே "எங்க சிப் பெஸ்ட், அவங்க சிப் டூப்ளிகேட்" என்ற பேச்சுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. சிப் எதுவானாலும், வேலை செய்தால் பிறகு நீங்கள் பார்க்கும் திரை ஒன்றேதான்.

இந்தச் சிப்புகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சட்டக் கேள்விக்கும் அங்கேதான் பதிலின் ஒரு முனை இருக்கிறது. டீம் எக்ஸிக்யூட்டர் என்ற கூட்டம் 2020இல் எஸ்எக்ஸ் கோர், எஸ்எக்ஸ் லைட் என்று இரண்டு சிப்புகளை விற்றது. முதலாவது பெரிய ஸ்விட்சுக்கு, இரண்டாவது லைட்டுக்கு. கூடவே எஸ்எக்ஸ் ஓஎஸ் என்று காசு கொடுத்து வாங்கும் மென்பொருள். அடுத்தவர் பூட்டை உடைத்து விற்ற இவர்கள், தங்கள் மென்பொருளை யாராவது பிரித்துப் பார்த்தால் அவருடைய மெஷினின் சேமிப்பையே பூட்டிவிடும் பொறி ஒன்றை அதில் வைத்திருந்தார்கள், 2018லேயே அது அம்பலமானது. 2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை மூவர் மீது குற்றச்சாட்டுகளை அறிவித்தது. அவர்களில் கனடாக்காரரான கேரி பௌசர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2022 பிப்ரவரியில் 40 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இழப்பீடாக 45 லட்சம் டாலர், நின்டெண்டோ போட்ட சிவில் வழக்கில் தனியாக 1 கோடி டாலர். பௌசர் என்பது மரியோ விளையாட்டின் வில்லன் பெயர் என்பதும், அப்போது நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் பெயரும் டக் பௌசர் என்பதும் நான் கட்டிய கதை இல்லை.

அந்தக் கூட்டம் போன பிறகு ஹெச்டபிள்யூஃப்ளை என்ற பெயரில் அதே வடிவமைப்பின் நகல்கள் சந்தைக்கு வந்தன. கொஞ்ச காலம் அவற்றின் விலையும் ஏறியே இருந்தது. 2023 ஆரம்பத்தில் பிக்கோஃப்ளை வந்ததும் நிலைமை தலைகீழ். ராஸ்பெர்ரி பை நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆர்பி2040 என்ற சாதாரண மைக்ரோகண்ட்ரோலரே அந்த வேலையைச் செய்யும் என்று ஆனது. பள்ளி மாணவர்கள் எல்ஈடி மினுக்கப் பழகும் அதே சிப். தனிச் சிப் ஒரு டாலர், போர்டாக வாங்கினால் சுமார் நான்கு டாலர். இதனால் இரண்டு விளைவுகள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் சிப்பின் விலை மிகச் சிறிய பங்கு, மீதி எல்லாம் போடுகிறவர் கைக்கு. இன்னொன்று, சிப் மலிந்ததும் யார் யாரோ போட ஆரம்பித்தார்கள், என் மேஜைக்கு வரும் மெஷின்களும் கூடின.

இனி நீங்கள் அதிகம் கவலைப்படும் இடம்: மெஷின் கெடுமா? கிளிட்ச் நடப்பதால் பிராசசர் நாளடைவில் தேய்ந்துபோகும் என்று சிலர் சொல்வார்கள், ஒன்றும் ஆகாது என்று வேறு சிலர் அடித்துச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் முறையாகச் சோதித்த ஆதாரத்தைக் காட்டுவதில்லை, ஆகவே இதைச் சந்தேகக் கணக்கில் வையுங்கள். நான் பார்த்தவரை கெட்டுப்போன மெஷின்கள் எல்லாம் சால்டரிங் மேஜையில் கெட்டவை. இது உறுதி.

எங்கே கெடுகிறது என்று சொல்கிறேன். ஃப்ளெக்ஸ் கேபிள் போய் ஒட்ட வேண்டிய இடம், பிராசசர் தகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் மணல் பருமனுள்ள கெப்பாசிட்டர்கள். அவற்றை இரும்பு முனையால் ஒரு தடவை அதிகமாகச் சூடாக்கினால், அல்லது ஒட்டிய கேபிளை நேராக்குகிறேன் என்று லேசாக நெம்பினால், கெப்பாசிட்டர் தன் அடித்தளத்தோடு பெயர்ந்து வந்துவிடும். அது போர்டின் அடித்தளமாக இருந்தால் ஜம்பர் என்ற மாற்று ஒயர் போட்டுப் பிழைக்க வைக்கலாம். இது பிராசசரின் சொந்த உடம்பு. பெரும்பாலும் அத்தோடு கதை முடிந்தது. பிராசசரை மாற்றலாமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பிராசசருக்கும் தனிச் சாவி, அந்த மெஷினின் சேமிப்பு அந்தச் சாவியால்தான் பூட்டப்பட்டிருக்கும். வேறு மெஷினின் பிராசசரைத் தூக்கி வைத்தால் ஒன்றையொன்று அடையாளம் தெரியாது.

அடுத்து முதல் தரவுக் கம்பி. பெரிய ஸ்விட்சில் இ-எம்எம்சி தனியாகச் சொருகிக் கழற்றும் சிறு போர்டில் இருக்கும், அதனால் சுலபம். லைட்டிலும் ஓஎல்ஈடியிலும் அது மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். ஓஎல்ஈடியில் நமக்கு வேண்டிய புள்ளி அந்த இ-எம்எம்சி சிப்புக்கு அடியில், கண்ணுக்கே தெரியாது. இதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உண்டு. மெல்லிய அடாப்டர் ஒன்றைச் சிப்புக்கு அடியில் தள்ளி, சால்டர் இல்லாமல் வெறும் தொடுதலில் விட்டுவிடுவது முதல் வழி. சுலபம், வேகம். ஆறு மாதம் கழித்து மெஷின் கைதவறி விழுந்தாலோ சூட்டில் விரிந்து சுருங்கினாலோ தொடர்பு விட்டுப்போகும், திடீரென ஒரு நாள் பூட் ஆகாது. இரண்டாவது, இ-எம்எம்சியைச் சூடு காட்டிக் கழற்றி, அடாப்டரைச் சால்டர் செய்து, அடியில் பால் எனப்படும் குட்டிச் சால்டர் உருண்டைகளை வைத்துத் திரும்ப உட்கார வைப்பது. நீடித்து நிற்கும், ஆனால் ரீபாலிங் கைப்பழக்கம் வேண்டும், பக்கத்திலேயே இருக்கும் ராமுக்கும் பிராசசருக்கும் சூடு போகாமல் காக்க வேண்டும். மூன்றாவதற்குப் பெயரே காமிகாசே. போர்டைச் சுரண்டி உள் அடுக்கில் ஓடும் கம்பியைப் பிடிப்பது. ஒழுங்காகச் செய்தால் மூன்றிலும் சுத்தமான வேலை அதுதான் என்று சொல்லும் திறமைசாலிகள் உண்டு. ஒரு நூலிழை ஆழம் கூடினால் அடுத்த அடுக்கு போய்விடும். உங்கள் கடைக்காரரிடம் "ஓஎல்ஈடிக்கு டேட்டா ஜீரோ எப்படி எடுப்பீங்க?" என்று மட்டும் கேளுங்கள். சட்டென்று தெளிவாகப் பதில் வந்தால் அவர் இந்த வேலையைச் செய்திருக்கிறார். முழித்தால் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மற்றவை எல்லாம் சில்லறைக் காயங்கள், ஆனால் அவையும் செலவு வைக்கும். பேட்டரியைக் கழற்றாமல் வேலை செய்து பின்விளக்கு ஃப்யூஸை எரித்துவிடுவது. டிஜிட்டைசர் (தொடுதிரை) கேபிளின் தாழ்ப்பாளை உடைப்பது. பிராசசர் மேலிருக்கும் ஹீட்சிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த வெப்பப் பசையைத் துடைத்துவிட்டு, புதிதாக எதுவும் வைக்காமல் மூடிவிடுவது. இப்படி மூடிய மெஷின் கடையில் நன்றாக ஓடும், வீட்டில் ஒரு மணி நேரம் விளையாடினால் சூடேறி நின்றுவிடும். ஆன் செய்ததும் முழு நீலத் திரை வந்து நின்றால், பொதுவாகப் பிராசசர் அல்லது ராமின் அடிச் சால்டர் விட்டிருக்கிறது என்று அர்த்தம், அது பெரிய வேலை. முதல் ஸ்விட்ச் இந்தியாவுக்கு நின்டெண்டோவின் நேரடி விற்பனையில் வராமல் இறக்குமதிக் கடைகள் வழியாகவே வந்ததால், கெட்டால் போய் நிற்க நமக்குச் சர்வீஸ் சென்டரும் கிடையாது.

கழற்றினால் பழையபடி ஆகுமா என்றால், வன்பொருள் அளவில் ஆகும். பூட் பகுதியை அசல் நிலைக்குத் திருப்பிவிட்டு, ஒயர்களைக் கவனமாக எடுத்து, இடத்தைச் சுத்தம் செய்தால் மெஷின் சாதாரணமாக ஓடும். ஆனால் சேமிப்பின் முழு நகலை, சிப் போட்ட அன்றே, வேறு எதையும் தொடும் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். அதில் ப்ராட்இன்ஃபோ என்ற ஒரு சிறு பகுதி இருக்கிறது. உங்கள் மெஷினுக்கு மட்டுமே உரிய சான்றிதழ் அதில்தான். அது அழிந்து, நகலும் இல்லையென்றால் வேறு எந்த மெஷினிலிருந்தும் கடன் வாங்கி அதை அசலாகச் சரிசெய்ய முடியாது. சிப் போட்டுக் கொடுக்கும் பலர் இந்த நகலை எடுப்பதே இல்லை, நேரம் பிடிக்கும் என்பதால். நீங்கள் கேட்டால்தான் எடுப்பார்கள். கேளுங்கள், எடுத்ததை உங்கள் கணினியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பவே திரும்பாத ஒன்று, தடை. நின்டெண்டோவின் சர்வர் உங்கள் மெஷினின் சான்றிதழைத் தடை செய்துவிட்டால் ஈஷாப் என்ற அவர்களின் இணையக் கடையும் இல்லை, ஆன்லைன் ஆட்டமும் இல்லை. சிப்பைக் கழற்றினாலும் தடை அப்படியே இருக்கும், ஏனென்றால் தடை மெஷினுக்கு. ஒவ்வொரு அசல் கார்ட்ரிஜிலும் அதற்கே உரிய சான்று ஒன்று இருக்கும். அதன் நகல் இரண்டு மெஷின்களிலிருந்து ஒரே நேரத்தில் இணையத்துக்கு வந்தால் பிடிபடுவது சுலபம். இதைத் தவிர்க்க எஸ்டி கார்டில் முழு அமைப்பின் நகலை உருவாக்கி, மாற்று மென்பொருளை அதில் மட்டும் ஓட்டி, அதை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருப்பார்கள். எமுஎம்எம்சி என்பார்கள். அபாயம் குறையும், அறவே போகாது. "எங்க செட்டப்ல பேன் ஆகவே ஆகாது" என்று சொல்லும் கடைக்காரர் தன் கையில் இல்லாத ஒன்றுக்கு உத்தரவாதம் கொடுக்கிறார். செகண்ட் ஹேண்டில் ஸ்விட்ச் வாங்குகிறவர்கள் கடையிலேயே வைஃபை கொடுத்து ஈஷாப் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இது உங்கள் கேள்வியில் இல்லை, இருந்தாலும் படிக்கிற மற்றவர்களுக்கு உதவும்.

சட்டம். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பதிப்புரிமையைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. இதில் "நோக்கத்தோடு" என்பது கனமான சொல். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் திறந்தால் இந்தப் பிரிவு குறுக்கே நிற்காது என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே சொந்தமாக எழுதிய நிரலை ஓட்டிப் பார்க்க மெஷினைத் திறப்பதும், காசு கொடுக்காத நூறு விளையாட்டை நிரப்பித் தர மெஷினைத் திறப்பதும் இங்கே ஒன்றில்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிடக் கடுமையானது, பூட்டை உடைப்பதும் அதற்கான கருவியை விற்பதும் அங்கே தனியாகவே குற்றம். ஆஸ்திரேலியாவில் 2005இல் உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்சபட்சம்), பிளேஸ்டேஷன் வழக்கில், சோனியின் அந்த அமைப்பு அன்றைய சட்டம் சொல்லும் பாதுகாப்பு நடவடிக்கைக்குள் வராது என்று சிப் போட்டவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாட்டுக்கு நாடு இப்படி மாறும். உங்கள் கடைக்காரர் "எல்லா கேமும் ஃப்ரீ" என்று வாயால் சொல்லியே விற்கிறார் என்றால், நோக்கம் என்னவென்று தேட வேண்டிய சிரமம்கூட யாருக்கும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் என்ன செய்வேன் என்று கேட்டால், நோக்கத்தைப் பொறுத்தது. இலவச விளையாட்டுதான் ஆசை என்றால் என்னிடம் உதவி கேட்காதீர்கள். ஐந்து பேர் மூன்று வருடம் உட்கார்ந்து செய்த சிறு விளையாட்டுகளும் அந்தத் திருட்டுத் தொகுப்பில்தான் இருக்கும், எனக்கு அது பிடிப்பதில்லை, அவ்வளவுதான். ஹோம்ப்ரூ, அதாவது சொந்த நிரல்கள் எழுதிப் பார்க்கவும், சேவ் கோப்புகளைப் பாதுகாக்கவும், மெஷின் உள்ளே எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொள்ளவும் ஆசை என்றால், புது மெஷினை வெட்டாதீர்கள். ஓட்டை அடைக்கப்படாத 2017 காலத்துப் பழைய ஸ்விட்ச் ஒன்றைத் தேடி வாங்குங்கள், சால்டர் வாசனையே இல்லாமல் வேலை முடியும். அல்லது பழைய பிஎஸ்பி. அதுவும் வேண்டாம் என்றால் ஸ்டீம் டெக் மாதிரி லினக்ஸில் ஓடும் கையடக்க மெஷின்கள் இருக்கின்றன, அவற்றில் உடைக்கப் பூட்டே கிடையாது. லைட் அல்லது ஓஎல்ஈடிதான் கையில் இருக்கிறது, அதில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருந்தால், முன்பு செய்த வேலையின் உட்படத்தை மைக்ராஸ்கோப்பில் எடுத்ததாகக் காட்டச் சொல்லுங்கள். கெட்டால் யார் பொறுப்பு என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அவருக்கே தன் கை மேல் நம்பிக்கை இல்லை.

இப்போது மெஷினின் அடிப்பக்கம் பாருங்கள். சீரியல் எண் எக்ஸ்ஏடபிள்யூ என்று ஆரம்பித்தால் முதல் தலைமுறை. அதில் ஓட்டை இருக்கிறதா, அடைத்துவிட்டார்களா என்று அடுத்து வரும் எண்களை வைத்துச் சொல்லலாம். எக்ஸ்கேடபிள்யூ என்றால் 2019க்குப் பிந்தைய மரிக்கோ. முதல் ஏழெட்டு இலக்கங்களை மட்டும் இங்கே போடுங்கள், மீதியை மறைத்துவிடுங்கள். முழு எண்ணையும் பொதுவில் போட வேண்டாம். பார்த்துவிட்டு உங்கள் மெஷினுக்கு எது பொருந்தும் என்று சொல்கிறேன். அதுவரை கடைக்காரரிடம் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.